துவைக்காத சட்டை

எண்பதுகளில் கிள்ளான் மேருவில் இருந்த அந்த லோரி டிரைவரை இரண்டே முறைதான் பார்த்தேன். முரட்டு மீசை, முழங்கைவரை கிரீஸ். பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்சாலை வாசலில் யாரோ கட்டிவிட்டுப் போயிருந்த ஸ்பானியல் நாயை அவிழ்த்து வந்து, நல்ல வீடு அமையும்வரை வைத்திருந்தார். அது சாப்பிடும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நீண்ட காதுகள் சோற்றில் விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

நாயைக் கேட்டுப் போனேன். உடனே தரவில்லை.

“நீங்க போட்ட பழைய சட்டை ஒண்ணு, துவைக்காம கொண்டாந்து குடுங்க பாஸ். ஒரு வாரம் அதுல படுக்கட்டும். வாசம் பழகிட்டா உங்க வீட்டுல அழாதுலா.”

பிரிக்பீல்ட்ஸிலிருந்து மெனக்கெட்டு வந்த எனக்கு எரிச்சல்தான். காரில் கிடந்த ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுவாரம் நாய் அந்தச் சட்டையின் மேல் படுத்திருந்தது. என்னை மோந்து பார்த்தது, வாலாட்டியது, தானாகவே காரில் ஏறிவிட்டது.

சட்டையை எடுக்கக் குனிந்தேன். அவர் முந்திக்கொண்டார். முடி ஒட்டியிருந்த அதை உதறாமலே மடித்தார்.

“இத மட்டும் விட்டுட்டுப் போங்க பாஸ்” என்றார், காரைப் பார்க்காமல்.

அவர் அதைத் துவைத்திருக்கவே மாட்டார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.