இடம் கிடைக்காத வண்டு

பூச்சி பார்க்கிற உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: 'தெரியாது' என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. வேளாண் அலுவலகங்களில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் என் சக பாவிகளுக்கு இது நன்றாகவே புரியும்.

தீப்பெட்டிக்குள்

ஏம்பலம் கிராமத்திலிருந்து அஞ்சலையம்மா வந்து என் மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்தார். கரும்பு வெட்டப் போகிறவர். வீட்டில் ஒரு கறவை மாடு. வாசல் பூவரச மரத்தில் பிடித்ததாம். திறந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வண்டு, உடம்பைவிட இரண்டு பங்கு நீளத்தில் ஒரு கொம்பு. இன்னொரு கொம்பு பெட்டியில் நசுங்கி ஒடிந்திருந்தது.

இருபது வருஷ சர்வீஸில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்களே! "மரம் துளைக்கிற வண்டும்மா. விட்டா பக்கத்து மரத்துக்கும் பரவும். வெட்டிக் கொளுத்திடுங்க" என்று அடித்துவிட்டேன். அவர் தீப்பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"மாடு கட்ட அந்த நெழலு ஒண்ணுதான் சார் இருக்குது. இன்னா பண்றது, நீங்களே சொல்றீங்க, வெட்டிட்றேன்."

நகரத்திலிருந்து போன்

மனசு உறுத்தியதால் வண்டை நகரத்திலிருக்கும் ஒரு பெண் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார். கொம்பைப் பார்த்தால் ஒரு இனமாம், காலைப் பார்த்தால் இன்னொன்றாம். எதில் சேர்ப்பது என்று அவருக்கே பிடிபடவில்லை. கொம்பு முழுசாக இருக்கும் ஆண் வண்டு ஒன்று கிடைத்தால் முடிவு சொல்லிவிடலாம் என்றார். ஏம்பலத்தில் ஒரு பூவரச மரத்தில் பிடித்தது என்று மட்டும் சொன்னேன்.

"காஞ்ச கிளையிலதான் சார் அது இருக்கும், பச்சை மரத்தை ஒண்ணும் பண்ணாது. அந்த மரத்தை யாரும் தொடாம பாத்துக்குங்க."

ராமுவின் சந்தேகம்

போனை வைத்ததும் பைக் சாவியைத் தேடினேன். எடுத்துக் கொடுத்தவர் ராமு. பதினான்கு வருஷமாகத் தினக்கூலியிலேயே எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்.

"என்னையே எந்த லிஸ்ட்ல சேக்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. வண்டுக்கு இன்னா சார் இம்மாம் அவசரம்?"

ஏம்பலத்தில் வெயில்

வாசலில் அடிமரம் மட்டும் இருந்தது. அதில் கட்டியிருந்த மாடு நடு வெயிலில் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. "ஒரு சுள்ளி வுடல சார், நீங்க சொன்னாமாரியே கொளுத்திட்டேன்" என்றார் அஞ்சலையம்மா. அந்தச் சொல் என்னைக் கொன்றுவிட்டது. உண்மையைச் சொன்னேன். அந்த வண்டால் மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை, அது என்ன வண்டு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவே தெரியாது என்றேன். அவர் திட்டவில்லை. மாட்டை அவிழ்த்து, சுவரோரம் இருந்த ஒரு முழ நிழலில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"தெரியாதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்."

ஒற்றைக் கொம்போடு அந்த வண்டு இன்னமும் பெயரில்லாமல் நகரத்துப் பெட்டியில் கிடக்கிறது. 'தெரியாதும்மா' என்று சொல்லப் பழக எனக்கோ இருபது வருஷ சர்வீஸோடு அடுத்தவர் வீட்டுப் பூவரச மரமும் வேண்டியிருந்தது.