ஐஸ் கட்சிக்கு மாறிய மச்சான்

பல் டாக்டர் வீட்டில் ஓர் ஐஸ் வாளி இருக்கிறது. எவர்சில்வர் வாளி. ஒரு பக்கம் நசுங்கி, பிடி தளர்ந்து, எப்போது தூக்கினாலும் கிறீச்சிடும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் திகாம் பத்துவில் அவர் வீட்டுப் போர்ச்சில் நாங்கள் கூடும்போது அது மேசை நடுவில் வந்து உட்காரும். முதல் கட்டி என் கிளாசில்தான் விழ வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சின்னச் சின்ன ஆலைகளில் பக்குவம் பார்த்துக் காய்ச்சும் கிராஃப்ட் பீரை, பினாங்குப் பாலம் தாண்டிப் போய்த் தேடி வாங்கி வந்து குடிக்கிற கூட்டம் இது. இங்கே பீரில் ஐஸ் போடுவது கோயிலுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. சுளிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வாளி ஒரு காலத்தில் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கே தள்ளியவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். சுங்கைப் பட்டாணியில் ஏர்கோன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் மனைவி காலமாகி, மகளும் கல்யாணமாகி ஜொகூருக்குப் போன பிறகு, வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கூரைமேல்தான் அவர் பிழைப்பு. பிறவியிலேயே எதிர்க்கட்சிக்காரர். கல்யாண வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்று நான்கு பேர் சொன்னால் ரசத்தில் புளி கூடிவிட்டது என்பார். பீர் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். டின்னைத் திறந்ததும் குடிக்க மாட்டார். மூக்கைக் கிளாசுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் காத்திருப்போம். "கொத்தமல்லி வெத போட்டுருக்கான்" என்பார். டின்னைத் திருப்பிப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கூட்டத்தில் கூலிம் தொழிற்சாலை இஞ்சினியர் தம்பி ஒருவர் இருக்கிறார். கலங்கலாக, மாம்பழமும் கொய்யாவும் மணக்கிற ஐபிஏ வகை பீர் என்றால் அவருக்கு உயிர். மச்சானுக்கு அது ஆகாது. "மாம்பழம் வேணும்னா பசாருக்குப் போலா தம்பி. பீருல எதுக்கு அத தேடுற?" என்பார். உலகத்திலேயே காய்ச்சக் கஷ்டமானது, காப்பிக் கடையில் கிடைக்கிறதே அந்தச் சாதாரண லாகர்தான் என்பது அவர் கட்சி. பழம் போட்டவன் தப்புச் செய்தால் பழத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், லாகர்க்காரனுக்கு ஒளிய இடமில்லை என்பார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரிப்போம், அவர் அசைய மாட்டார். நான் அவரோடு ஒத்துப்போன ஒரே விஷயம் ஐஸ். "ஐஸ் போட்டா வாசன செத்துரும். அதுக்கப்புறம் நீ குடிக்கிறது பொணத்த" என்று ஒருநாள் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனார். நான் கை தட்டினேன்.

பிறகு கோவிட் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டில் போர்ச் காலியாகக் கிடந்தது. மச்சானுக்கும் காய்ச்சல் வந்து போனது. திரும்பக் கூடிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவரே பின்பக்கம் போய் வாளியைக் கழுவி எடுத்துவந்து, ஐஸ் நிரப்பி, தன் கிளாசில் மூன்று கட்டி போட்டுக்கொண்டார். கையோடு நியாயமும் சொன்னார். "ஐஸ் இல்லாமக் குடிக்க ஜெர்மன்காரனுக்குப் பனி இருக்கு. நமக்கு வெயில் இருக்கு. இந்த வெயில்ல கிளாசு அஞ்சு நிமிசத்துல சுட்டுரும். நம்ம ஊரு ஸ்டைலு ஐஸ்தான்லா. வெள்ளக்காரன் சொன்னாத்தான் ஸ்டைலா?" வாதம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். கட்சி தாவுகிறவர்களை எங்கள் நாட்டில் தவளை என்பார்கள். மச்சானை முகத்துக்கு நேரே தவளை என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

இரண்டு மூன்று மாதம் இதே சண்டைதான். கடைசியில் இஞ்சினியர் தம்பி ஒரு பரீட்சை வைத்தார். "ஐஸ் போட்டுப் போட்டு உங்க நாக்கு மரத்துப்போச்சு அண்ணே. மூணு கிளாசு, அலுமினியத் தாள் சுத்தி வெக்கிறேன். ஐஸ் கெடையாது. எது எதுன்னு சொல்லுங்க. தப்பாச் சொன்னா வாளி குப்பைக்குப் போவுது." சரியான யோசனை என்று மேசையைத் தட்டியது நான்தான். "பாத்துருவோம்லா" என்றார் மச்சான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கரங்கானில் ஒரு வேலையை முடித்துவிட்டு வேனில் நேராக வந்தார். பின்னால் பீர் இருக்கிறது, எடுத்துவா என்றார். போய்க் கதவைத் திறந்தேன். டுரியான் நெடி முகத்தில் அறைந்தது. ஏணிக்குப் பக்கத்தில் சாக்கு நிறையப் பழம், ஒன்று வெடித்து வாயைப் பிளந்திருந்தது.

"என்ன மச்சான், டுரியான்லாம் பலமா இருக்கு?"

"டுரியானா? எங்க?"

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்தார். சாக்கைக் கண்ட பிறகுதான் அவர் முகம் மாறியது. "நான் கூரைமேல இருக்கிறப்ப வேல குடுத்த தவுக்கே வெச்சிருப்பான்" என்றார் மெதுவாக. கரங்கானிலிருந்து திகாம் பத்து வரை, கண்ணாடியை ஏற்றி, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு அந்த நெடிக்குள்ளேயே உட்கார்ந்து வந்திருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை.

"எப்பலேருந்து மச்சான்?"

"அந்தக் காய்ச்சல்லேருந்து. இனிப்பு தெரியுது, கசப்பு தெரியுது. மத்தது ஒண்ணும் இல்ல. ஐஸ் போட்டா சில்லுனாவது இருக்கு மாப்ள."

"எங்ககிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா? ஐயோ பாவம்னு பாப்பீங்க. அப்புறம் எவன்லா எங்கிட்ட சண்ட போடுவான்?"

முகத்தில் எதையாவது காட்டினால் அவர் சொன்னதுதான் நடக்கும் என்பதால், பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். உதவி செய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரீட்சைக்கு வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மேசையில் தாள் சுற்றிய மூன்று கிளாசுகள் தயாராக இருந்தன. வகைக்கு ஒரு டின்தான் கிடைத்ததாம், மறுபடி ஊற்ற வேறில்லை. மச்சான் உட்கார்ந்து முதல் கிளாசை மூக்குக்குக் கொண்டுபோய், பழையபடி கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் பழையபடி காத்திருந்தோம். அந்த மூடிய கண்ணை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிளாசை அவர் கையிலிருந்து பிடுங்கி, வாளியில் கைவிட்டு ஐஸை அள்ளி மூன்றிலும் கொட்டினேன். மேசையெல்லாம் நுரை வழிந்தது. "இந்த வெயில்ல ஐஸ் இல்லாம என்னா பரீட்ச? நானும் ஐஸ் கட்சிதான்" என்றேன்.

இஞ்சினியர் தம்பி எழுந்தேவிட்டார். "அண்ணே, நீங்கதானே மேசையத் தட்டுனீங்க! பெரிய தவளைலா நீங்க!" மச்சான் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க கட்சிக்கு இப்ப ரெண்டு ஓட்டு!" என்று சத்தம் போட்டார். அதுவரை வாயைத் திறக்காத பல் டாக்டர் இடுக்கியை எடுத்துத் தன் கிளாசில் ஒரு கட்டி போட்டு, "மூணு" என்றார். அவருக்குத் தெரியுமா என்று நான் இதுவரை கேட்டதில்லை. மசூதியில் அந்திப் பாங்கு ஒலிக்கும்வரை சண்டை நடந்தது. பரீட்சையை எல்லோரும் மறந்தே போனார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டின்னிலும் முதலில் நான்தான் வாயைத் திறப்பேன். கொய்யா வாசம் என்பேன். "கொய்யாவாவது மண்ணாங்கட்டியாவது" என்று மச்சான் கிளம்புவார். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும், அதற்காகவே சொல்வேன். மூக்கு திரும்ப வரவே இல்லை. போன தீபாவளிக்கு முன்பு, மாரடைப்பில் தூக்கத்திலேயே போய்விட்டார். மூக்கு போன விஷயம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

உண்மையைச் சொன்னால், ஐஸ் போட்ட பீர் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. வாசனை செத்துத்தான் போகிறது. ஆனால் வாளி கிறீச்சிட்டுக்கொண்டு மேசைக்கு வந்ததும், ஜெர்மன்காரனின் பனியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் எடுத்து விடுகிறேன். போன மாதம் சேர்ந்த தம்பி ஒருவர் கைத்தொலைபேசியில் எதை எதையோ தேடிப் படித்துக் காட்டி ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். ஒன்றும் எடுபடவில்லை. ஐஸ் ஏன் கூடாது என்பதை மச்சான் சொன்ன மாதிரி சொல்ல இன்னும் ஒருவரும் வரவில்லை. மச்சானே வந்து சொன்னால், வாளியை நானே தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவேன்.