ஜுமா சொல்லிக்கொண்டு கிளம்பிய நாள்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாடகைக்கு அறை எடுத்திருந்த வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் சமையலறை கிளாஸ்கள் கிணுகிணுக்கும்... தொண்ணூறுகளின் தொடக்கம். பந்திங்கிலிருந்து வேலைக்கு வந்த புது வாத்தியார் நான்.

பக்கத்து அறையில் ஜுமா. தான்சானியாவிலிருந்து காலேஜ் படிக்க வந்தவன். அமைதியான பையன். ஆனால் வெளியே கிளம்பினால் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். வீட்டுக்கார ஆன்டிக்கு அதில் வருத்தம். கிள்ளானிலிருந்து வந்துபோகும் அவருடைய தம்பியோ, வெளிநாட்டுப் பையனுக்கு ரூம் கொடுத்ததே தப்பு, காலி பண்ணச் சொல்லு என்பார்.

அவனுக்கு இடம் போய்விடக்கூடாதே என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கிளம்பும் முன் ஆன்டி முகத்தைப் பார்த்து, "போய்ட்டு வரேன் ஆன்டி." அவ்வளவுதான்.

கடைக்குப் போனாலும் சொன்னான். குப்பை கொட்டப் போனாலும் சொன்னான்.

"குப்பத்தொட்டிக்குமா லா?" என்று ஆன்டி சிரிப்பார்.

ஆறு மாதத்தில் ஆன்டியின் கணவர் இறந்துபோனார். வீடு நிறைய ஆட்கள். காலையிலிருந்து ஜுமாதான் நாற்காலி போட்டான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். மதியம் அவனுக்குப் பரீட்சை.

நேராக ஆன்டி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனான். குனிந்து, கைகூப்பி, தெளிவாகச் சொன்னான்.

"போய்ட்டு வரேன் ஆன்டி."

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. அதிலும் திரும்பி வருகிறேன் என்று சொல்லவே கூடாது. விதியைச் சொல்லிக்கொடுத்த நான் விலக்கைச் சொல்லவில்லை...

அழுகைச் சத்தம் அப்படியே நின்றது. தம்பி எழுந்துவிட்டார். இன்றைக்கே சாமானைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லு என்றார்.

ஆன்டி தம்பியை நிமிர்ந்து பார்த்தார். அழுது அழுது குரலே இல்லை.

"வீட்டுல இருக்கற புள்ள, வீட்டுக்கு வராம எங்கடா போவும்?"

பிறகு ஜுமாவிடம், "நல்லா எழுதிட்டு வாய்யா" என்றார்.

நடந்தது எதுவும் அவனுக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். படிப்பு முடியும்வரை அந்த வீட்டில்தான் இருந்தான்.

இப்போது நான் இருக்கும் கொண்டோ அடுக்குமாடியில் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள். லிஃப்டில் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார்கள். கதவுக்குக் கார்டு. எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஜுமா செய்த மாதிரி ஒரு தப்பை இவர்கள் செய்யவே முடியாது. அவ்வளவு தூரம் யார் வீட்டுக்குள்ளும் இவர்கள் வருவதில்லை.

நாமும் கூப்பிடுவதில்லை...