வருகிறோம் என்று சொன்னேன்

பொன்மலையில் எங்கள் சர்ச்சுக்குப் புதிதாக வருகிறவர்களை வரவேற்கும் பொறுப்பு என்னுடையது. வாசலில் நின்று ஊர் விசாரிப்பேன், பாட்டுப் புத்தகம் கொடுப்பேன், கடைசியில் "ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்றோங்க" என்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதை நம்பி உலை வைக்க மாட்டார்கள். போகாவிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

அந்த ஜார்க்கண்ட் தம்பதி நம்பிவிட்டார்கள். அவன் ஸ்ரீரங்கத்தில் ஓட்டல் வேலை பார்த்தான்; அங்கேயே ஒரு வாடகை அறையில் குடியிருந்தார்கள். அவள் நிறைமாதத்தில் இரண்டு வாரம் சர்ச்சுக்கு வந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவன் மட்டும் வந்து, குழந்தைக்கு வீட்டில் ஜெபம் செய்ய வேண்டும் என்று கேட்டான். பார்க்க ஒருவரும் வரவில்லை என்று அவள் அழுகிறாளாம்.

"வர்ற ஞாயிறு சாயங்காலம் கண்டிப்பா வரோம் தம்பி" என்றேன்.

அந்த ஞாயிறு நாத்தனாரோடு மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் புடவை எடுக்கப் போய்விட்டேன். அடுத்த வாரம் அவன், "அக்கா, வழி தெரியல? நான் பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன்" என்றான். விடமாட்டான் போலிருக்கே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. சரி என்றேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன், ஒரு போன்கூடச் செய்யவில்லை. பிறகு அவன் வரவில்லை.

அதே மாதம் பெண்கள் கூட்டத்தில் அந்நியரை உபசரிப்பது பற்றி அரை மணி நேரம் பேசினேன். பிரமாதம் என்றார்கள். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.

மனசு உறுத்தி நான் ஸ்ரீரங்கம் போனபோது இரண்டு மாதம் கடந்திருந்தது. குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிப் போனேன். அறை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

"அவா ஊருக்கே போயிட்டாளே. நீங்க சர்ச்சுலேந்து வர்றேளா?"

தலையாட்டினேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? ரெண்டு ஞாயித்துக்கிழமையும் எங்காத்து நாற்காலியை வாங்கிண்டு போய்ப் போட்டுக் காத்திண்டிருந்தா. மழையில வரச்சே உங்களுக்கு ஏதோ ஆயிடுத்துன்னு பயந்துட்டா. குழந்தையை மடியில போட்டுண்டு உங்களுக்காக ஜபம் பண்ணினா, பாவம்."

அந்தக் குழந்தைக்காக நான் ஒரு வார்த்தை ஜெபித்ததில்லை. அது ஆணா பெண்ணா என்றுகூட அவனிடம் கேட்டதில்லை.