ராயபுரம் மணலில் வெள்ளிப்பிறை

ராயபுரம் சந்தைக்குப் பின்னால் கருப்பட்டி மண்டி வைத்திருந்த தவசிமுத்து, இரும்புப் பெட்டி வாங்கப் போன இடத்தில் தொலைநோக்கி வாங்கிக்கொண்டு வந்தார். 1914-ஆம் வருடத் தொடக்கம் அது. கப்பல் உத்தியோகத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். இரும்புப் பெட்டி அவருக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் நின்றவரின் கண்ணில், மூலையில் மூன்று கால் ஊன்றி நின்ற பித்தளைக் குழல் பட்டது. அதைக் கேட்க ஆளே இல்லை. யாரும் கேட்காத பொருளைக் கண்டால் தவசிமுத்துவுக்கு இரக்கம் வந்துவிடும். கையைத் தூக்கிவிட்டார்.

ஜட்கா வண்டியிலிருந்து இறங்கிய குழலை அவர் மனைவி ஞானசெல்வி ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். உடன்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வீட்டுக்குள் நுழையும் எந்தப் பொருளுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"இதுல நகையை வைக்கவா, துணியை வைக்கவா?"

"இது நட்சத்திரம் பாக்கதுக்குள்ள சாமான்."

"அதுக்குத்தான் கர்த்தர் கண்ணு குடுத்திருக்காரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தன்னைக் கேட்காமல் வாங்கிய பொருளில் கண்ணை வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

அன்று மாலை மொட்டைமாடியில் தவசிமுத்து நிலாவைப் பார்த்தார். அரைமணி நேரம் குழலோடு மல்லுக்கட்டியபின் நிலா சட்டென்று குழலுக்குள் வந்து விழுந்தது. குழிகளும் மேடுகளும், மேட்டின் ஓரத்தில் வெயில் அடிப்பதும், குழிக்குள் நிழல் கிடப்பதும் தெரிந்தன. கீழே ஓடி, கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த மனைவியிடம், நிலா முகமெல்லாம் அம்மைத் தழும்பாக இருக்கிறது என்று சொன்னார். அப்படியானால் பக்கத்தில் போகாதீர்கள், ஒட்டிக்கொள்ளும் என்றாள் அவள்.

பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் இருப்பது அவருக்குப் பசி போல இருந்தது. நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மண்டியைச் சாத்திவிட்டு, குழலைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டுமரங்கள் ஏற்றிவைத்திருக்கும் மணலுக்குப் போய்விட்டார்.

கூட்டம் கூடுவது சிரமமாக இல்லை. அதை நிறுத்திவைப்பதுதான் சிரமமாக இருந்தது. தவசிமுத்து கூச்சக்காரர். அவர் தெற்கத்திப் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். போதாததற்கு, சின்ன வயதில் மிஷன் பள்ளியில் படித்தது நினைவுக்கு வர, உச்சிக்கு மேற்கே மங்கலான மஞ்சளாக நின்ற ஒன்றைக் காட்டி, அதுதான் சனி என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கூட்டம் பின்வாங்கியது. ஒருவர் தன் மகளின் கண்ணையே பொத்திவிட்டார். ஏழரை ஆண்டு பிடித்து ஆட்டுகிற கிரகத்தை வலியப் போய்ப் பார்ப்பார்களா?

அப்போது மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வந்துகொண்டிருந்தாள் கெங்கம்மா. அந்தக் கரையில் அவள் குரலுக்கு மிஞ்சிய குரல் கிடையாது. அலைக்கு அப்பால் கட்டுமரத்தில் இருப்பவனைக் கரையிலிருந்தே கூப்பிடுவாள். என்ன சங்கதி என்று விசாரித்தாள்.

"அது வூடு தேடி வர்றப்போ மட்டும் கதவச் சாத்தவா முடியுது? நாமளே போய்ப் பாத்துருவோம், நவுரு" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழலில் கண்ணை வைத்தாள்.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கெங்கம்மா பேசாமல் இருப்பதைக் கண்டு கூட்டம் மிரண்டது. கடைசியில் நிமிர்ந்தாள்.

"தலையில சும்மாடு வச்சிகினு கீதுய்யா."

கூடை அழுத்தாமலிருக்கத் தலையில் சுற்றி வைக்கிற துணி வளையம்தான் சும்மாடு. சனிக்கிரகத்தின் வளையத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மீன்காரப் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். சுமை தூக்குகிறவரா என்று சனியின்மேல் அவர்களுக்கு ஒரு சொந்தமே வந்துவிட்டது. அன்று முதல் சனிக்கிழமைதோறும் மணலில் கூட்டம் சேர்ந்தது. தவசிமுத்து குழலைத் திருப்பிவைப்பார். அவர் காதோரமாகச் சொல்வதைக் கெங்கம்மா தன் பாஷையில் கரை முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். பாதி தப்பாகச் சொல்வாள். திருத்த அவருக்கு வாய் வராது, வந்தாலும் கேட்காது.

வியாழன் நன்றாகத் தெரிந்த மாதத்தில்தான் எம்டன் வந்தது. செப்டம்பர் மாதம் ஓர் இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்த வெளிச்சத்தில் ராயபுரத்துச் சுவர்கள் சிவந்தன. மறுநாள் பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. தவசிமுத்து மண்டியை விட்டுப் போக மனமில்லாமல் இருந்துவிட்டார்.

ஓடியவர்கள் திரும்பி வந்தபோது கதைகளும் கூடவே வந்தன. இருட்டில் எண்ணெய்த் தொட்டி இருக்கும் இடம் அந்தக் கப்பல்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று பேசினார்கள். பேச்சு நகர்ந்து நகர்ந்து, மணலில் குழல் நட்டுத் துறைமுகத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த கருப்பட்டிக்காரரிடம் வந்து நின்றது. அதில் ஓர் உண்மையும் இருந்தது. அந்த மாதம் வியாழன், மாலையில் துறைமுகத்துக்கு நேர் மேலேதான் நின்றது.

அக்டோபரில் ஒரு நாள் பிற்பகல் கோதண்டம் என்ற கான்ஸ்டேபிள் மண்டிக்கு வந்து, ஐயா கூப்பிடுகிறார், குழலையும் எடுத்துவரச் சொன்னார் என்றார். காவல் நிலையத்தில் அடிக்கவில்லை, வையவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஆனால் தவசிமுத்து பயந்துபோய்ப் பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டார். குழலில் என்ன பார்ப்பாய் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "வியாழனும் நாலு நிலாவும்" என்று சொல்லிவிட்டார். கேட்டவர் முகம் மாறியது. நாலு நிலா என்றால் ஏதோ ரகசியச் சங்கேதம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சேதி கேட்டு ஞானசெல்வி வந்தாள். அவள் பின்னால் கெங்கம்மாவும், கெங்கம்மாவுக்குப் பின்னால் கூடையும் கையுமாகப் பத்துப் பெண்களும் வந்தார்கள். ஞானசெல்வி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, இவுக வீட்டுல உப்புச் சாடி எங்க இருக்குன்னே இவுகளுக்குத் தெரியாது. குளிச்சிட்டு வந்தா துண்டை நான்தான் எடுத்துக் குடுக்கணும். இவுகளா கப்பலுக்கு வழி காட்டியிருப்பாக?"

சப்-இன்ஸ்பெக்டர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த நாலு நிலாவைத் தானே பார்த்துவிடுவதாகச் சொல்லி எழுந்தார். கோதண்டம் குழலைச் சுமக்க, எல்லோரும் மணலுக்கு நடந்தார்கள்.

முதலில் மேற்கே, ஊருக்கு மேல் பளிச்சென்று நின்ற வெள்ளியைத் தவசிமுத்து பிடித்துக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் கண்ணை வைத்தார்.

"வெள்ளி என்று சொல்லி நிலாவைக் காட்டுகிறாயா?"

"நிலா இல்லைங்க. வெள்ளிதாங்க அது. நிலா மாதிரி அதுவும் தேஞ்சு வளரும்."

அவர் தலையை நிமிர்த்தி வானத்தை நாலாபுறமும் தேடினார். பௌர்ணமி கழிந்து பல நாளாகியிருந்தது. அந்த நேரத்துக்கு நிலா எழவே இல்லை. மறுபடி குழலில் பார்த்தார். உள்ளே அழகான ஒரு குட்டிப் பிறை. கண்ணாடியில் யாராவது படம் எழுதியிருக்கிறார்களா என்று முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். தொப்பியால் மூடினார், பிறை மறைந்தது. எடுத்தார், வந்தது. வியாழனையும், அதன் பக்கத்தில் வரிசையாக நின்ற புள்ளிகளையும் காட்டியபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்.

என்றாலும் அவர் வேலை பாக்கியிருந்தது. குழலைத் தாழ்த்தி, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலைக் காட்டச் சொன்னார். தவசிமுத்து கப்பலைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். சப்-இன்ஸ்பெக்டர் பார்த்தார், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார், கோதண்டத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கோதண்டம் பார்த்துவிட்டுத் தயங்கிச் சொன்னார்:

"கப்பல் தலைகீழாத் தொங்குதுங்க. பொகக்கூண்டு கீழ கீது."

வானம் பார்க்கிற கண்ணாடி எதையும் தலைகீழாகத்தான் காட்டும், நிலாவுக்கு மேல் கீழ் என்ன இருக்கிறது என்று தவசிமுத்து மெதுவாகச் சொன்னார். அதைக் கெங்கம்மா பிடித்துக்கொண்டாள்.

"அப்போ ஜெர்மன்காரன் தலகீழா நின்னுகினா குண்டு போட்டான்?"

சப்-இன்ஸ்பெக்டருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. மணலில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்ததும் கூட்டமும் சிரித்தது. அந்தச் சத்தத்தில், ஞானசெல்வி குழலுக்குப் பக்கத்தில் போய் நின்றதை அவள் கணவர் மட்டும்தான் கவனித்தார். குழலை மறுபடி வெள்ளியின் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்தாள். பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள், அவள் எழவில்லை. வெள்ளி ஊர்க்கூரைகளுக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இத ஏன் எனக்கு முன்னமே காட்டல நீங்க?" என்றாள்.

குழல் அன்றைக்கே திரும்பக் கிடைத்தது. சண்டை முடியும்வரை கரையில் விளக்கு ஏற்றக்கூடாது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் கோதண்டம் காவலுக்கு நிற்பார் என்று இரண்டு நிபந்தனைகள். சண்டை நாலு வருடத்தில் முடிந்தது. கோதண்டத்தின் காவலை யாரும் ரத்து செய்யவில்லை, அவரும் நினைவூட்டவில்லை. சீருடை இருந்தவரை சீருடையோடும், பென்ஷன் வாங்கியபின் வேட்டியோடும் வந்து, "வர்சையில வா, வர்சையில வா" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்.

அந்த வருடங்களில் கூட்டம் ராயபுரத்தோடு நிற்கவில்லை. திருவொற்றியூர்த் தெப்பக்குளத்தங்கரையில் கூப்பிட்டார்கள், எண்ணூரில் உப்பளத்துக்காரர்கள் மாட்டுவண்டி அனுப்பினார்கள். பலருக்கும் சனியின் சும்மாடுதான் வேண்டும். 1921-இல் ஒரு கோடைகால மாலை, எண்ணூரில் நூறு பேர் காத்திருக்க, சும்மாட்டைக் காணோம். சனி மொழுக்கென்று உருண்டையாக நின்றது. தவசிமுத்து கண்ணாடியைத் துடைத்தார், குழலைத் தட்டினார். காரணம் அவருக்கும் தெரியவில்லை. குழல் கெட்டுவிட்டது என்று சிலரும், உலகம் முடியப்போகிறது என்று சிலரும் சொன்னார்கள்.

கெங்கம்மாதான் காப்பாற்றினாள். "அதுவும் எத்தினி நாளைக்குத்தான் சொமக்கும்? எறக்கி வச்சிட்டு ஒக்காந்துகினு கீது. மறுக்கா ஏத்திக்கும், பேஜார் பண்ணாம போ" என்று அத்தனை பேரையும் அனுப்பிவைத்தாள். அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனால் மறுவருடம் வளையம் மெல்லிய கோடாகத் திரும்பி வந்தபோது, தவசிமுத்து மண்டியிலிருந்து இரண்டு கூடை கருப்பட்டி எடுத்துவந்து கூட்டத்துக்குப் பங்கிட்டார். வளையம் பக்கவாட்டில் திரும்பினால் கண்ணுக்குப் படாது என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் விளக்கியது அதற்கும் பிறகுதான். தவசிமுத்து அதைக் கெங்கம்மாவிடம் சொன்னார். இருக்கலாம், ஆனால் தான் சொன்னதுதான் ஜனங்களுக்குப் புரிந்தது என்றாள் அவள்.

1930 வாக்கில் தவசிமுத்துவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஊருக்கெல்லாம் வானத்தைக் காட்டியவருக்கு எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. முதல் வாரம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது சனிக்கிழமை ஞானசெல்வி குழலைத் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் அவரைப் பிடித்து அழைத்துக்கொண்டு மணலுக்கு வந்தாள். வருடக்கணக்காக அவர் பக்கத்தில் நின்றவள்; எது எங்கே என்று அவளுக்கு அத்துப்படி. அவள் குழலைத் திருப்ப, பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தாம் கண்டதை அவர் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் சொன்னது போல் இன்னொருவர் சொல்லவில்லை. அவர் கட்டுமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு பயத்தை விட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். அறுவை நன்றாக நடந்தது. சோடாப் புட்டி மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு கரைக்கு வந்த அன்று, வெகு உரிமையோடு நேராகக் குழலுக்குப் போனார். ஞானசெல்வி நகரவில்லை. உப்பளத்துக் குடும்பம் ஒன்று அவ்வளவு தூரத்திலிருந்து வந்து காத்திருக்கிறது என்றாள்.

"வர்சையில வாங்க அண்ணாச்சி" என்றார் கோதண்டம்.

தவசிமுத்து வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். முன்னால் நின்றவரின் முதுகைத் தொட்டு, இதற்கு முன்னால் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, இதுதான் முதல் தடவை என்றார் அவர். தவசிமுத்து தம் புதுக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிசை நகரும்வரை அவரிடம் நிலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.