கரடி வேஷத்தில் கடைசி ஆட்டம்

மனைவியின் விசாவோடு ஒட்டிக்கொண்டு டெக்சஸுக்கு வந்தவன் நான். வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகும் ரொம்ப நாள் எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. கடைசியில் கூப்பிட்டது எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி. கரடிதான் அணியின் சின்னம். ஆட்டத்தின்போது கரடி வேஷம் போட்டுக்கொண்டு படிகளில் குதித்து, குழந்தைகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளேயிருந்து பேசக் கூடாது. சொந்தக்காரர்களிடம் மனைவி, "அவர் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்ல இருக்கார்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

போன சீசன் நடுவில், அணியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதாக முதலாளி அறிவித்தார். அங்கே பெயரும் புதுசு. கரடி போய்ப் பருந்து வருமாம். எங்கள் ஊரில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. "வழக்கம்போலப் போய்க் கையாட்டு, போதும்" என்றார் மேனேஜர்.

முதல் இடைவேளையில் படியேறினேன். பீர் தம்ளர் ஒன்று முகத்தில் வந்து மோதியது. முதலாளி மேல் ரசிகர்களுக்கு இருந்த ஆத்திரத்துக்கு அகப்பட்டது நான்தான். பேரன் பிறந்தநாளுக்கு என்னோடு படம் எடுத்துக்கொண்ட ஒரு பெரியவர் வாலைப் பிடித்து இழுத்தார். குப்புற விழுந்தேன். முதுகில் யாரோ பூட்ஸ் காலால் மிதித்தார்கள். எழுந்து கையாட்டினேன். அதற்கும் ஊளையிட்டார்கள்.

மேல் வரிசையில் என் மகள், பள்ளித் தோழிகளோடு. எட்டாவது படிக்கிறாள். உள்ளே இருப்பது யாரென்று அவளுக்குத் தெரியும், தோழிகளுக்குத் தெரியாது. அவர்கள் ஐஸ் துண்டுகளை எறிந்துகொண்டிருந்தார்கள். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த, சீஸ் ஊற்றிய நாச்சோஸ் சிப்ஸ் தட்டைத் தூக்கி எறிந்தாள். சூடான சீஸ் கண் ஓட்டை வழியாக வழிந்து கன்னத்தைச் சுட்டது. தோழிகள் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள்.

காரில் கேட்டேன்: "ஏம்மா அப்படிப் பண்ணே?"

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எவ்ரிபடி வாஸ் டூயிங் இட், அப்பா."

வீட்டில் மனைவி முதுகில் ஐஸ் ஒத்தடம் கொடுத்தாள். "இந்த வேலை போனதே நல்லதுங்க. இனிமே யாராச்சும் கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு நான் பயப்பட வேணாம்" என்றாள். குரலில் நிஜமாகவே நிம்மதி. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மறுநாள் வேஷத்தை ஒப்படைக்கப் போனேன். புது ஊரில் எனக்கு ஏதாவது கிடைக்குமா என்று மேனேஜரைக் கேட்டேன்.

"பருந்துக்கு உயரமான ஆள் வேணும்" என்றார்.

கரடித் தலையை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பெரிய தலை, உள்ளே போகவில்லை. "கொஞ்சம் பிடி" என்றார். நானும் சேர்ந்து அமுக்கினேன்.