வசந்தாவின் கால் டம்ளர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வசந்தாவின் தம்பி சேகர். "அக்கா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். செங்கம் சாலையில் அவள் வீட்டை அடைந்தபோது, மாடியறையில் வாடகைக்கு இருக்கும் ஜெர்மன்காரர் உள்ளே வரலாமா என்று தெரியாமல் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். வசந்தா இருந்திருந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிட்டிருப்பாள்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989இல், கலெக்டர் அலுவலகத்தில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். அவள் நில ஆவணப் பிரிவில், நான் தட்டச்சில். உங்களில் பலருக்கு அவளைக் கறாரான எழுத்தராகத் தெரியும். பட்டாவில் ஓர் எல்லை சந்தேகமாக இருந்தால் பழைய பதிவேடுகளையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்வாள். "தெரிஞ்சிக்கினு கையெழுத்து போடணும்" என்பாள். அந்தக் குணம் அவளை வேறு எங்கே கொண்டுபோனது என்பது சிலருக்கே தெரியும்.

வசந்தா திருமணம் செய்துகொள்ளவில்லை. மாடியறையை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு விட்டிருந்தாள். ஆறு மாதம் தங்கிய பிரெஞ்சு அம்மாள் ஒருவர் ஊர் திரும்பும்போது பாய், ஸ்டவ்வோடு ஒரு பாட்டில் சிவப்பு ஒயினையும் விட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தா என்னைக் கூப்பிட்டாள். கார்க்கை எடுக்கும் திருகு எங்களிடம் இல்லை. கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளிவிட்டாள். புடவையெல்லாம் தெறித்தது. ஆளுக்குக் கால் டம்ளர். அலுவலகத் தோழி ஸ்டெல்லா கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவரும் திராட்சை ஒயினைப் போல இனிக்கும் என்று நினைத்தோம். நாக்கில் பட்டதும் இருவர் முகமும் கோணிக்கொண்டது.

"கெட்டுப்போச்சு போலிருக்குதுடி" என்றேன்.

"இரு. கெட்டதா, இல்ல இதோட குணமே இப்படியா? கொட்டிட்டா எப்படித் தெரியும்?"

இன்னும் இரண்டு மிடறு குடித்தாள். "நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கை இழுக்குது. கடைசியில, வாயில சாவியைப் போட்டுக்கினா ஒரு ருசி வருமே, அது."

அதன்பின் தங்க வந்தவர்களில் யாராவது ஒருவர் பாட்டிலோடு வருவது வழக்கமாயிற்று. மேலே ஒட்டியிருக்கும் பெயர்களை எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எது உயர்ந்தது என்றும் அவள் யாரையும் கேட்டதில்லை. ஒருமுறை இத்தாலிக்காரர் ஒருவர், இதில் ஸ்ட்ராபெரி வாசனை வர வேண்டும் என்றார். "அந்தப் பழத்தை நான் பாத்ததே இல்லீங்க. எனக்குக் கொடுக்காப்புளி வாசனைதான் வருது" என்றாள் வசந்தா. அவர் கொடுக்காப்புளியைப் பார்த்ததில்லை. மறுவாரம் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து ஒரு பை நிறைய வாங்கி வந்து அவர் முன் வைத்தாள். ஒரு வாய் பழம், ஒரு வாய் ஒயின் என்று மூன்று பேரும் மாலை வரை உட்கார்ந்திருந்தோம். போகும்போது, தமக்கும் அந்த வாசனை வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

கிராமத்திலிருந்து சேகர் வேர்க்கடலை மூட்டையோடு வந்த ஞாயிறன்றும் நான் அங்கே இருந்தேன். பாட்டில் கூடத்து மேசைமேல் இருந்தது. வசந்தா அதை மறைக்கவில்லை.

"அப்பாவைக் கொன்னது இதுதானே? நீயுமாக்கா?"

அவர்கள் அப்பா சாராயத்தால் செத்தவர்.

"அப்பா ருசிச்சுக் குடிச்சு நீ பாத்திருக்கியாடா? மூக்கைப் புடிச்சிக்கினு ஒரே மடக்கு. அவருக்கு அது புடிக்கவே இல்ல. புடிக்காத ஒண்ணுக்கு உசுரை விட்டாரு. அது என்னன்னு எனக்குப் பாக்கணும். காலம்பூரா பயந்துக்கினே இருக்க முடியலடா."

மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு சேகர் போய்விட்டார். இரண்டு வருடம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அன்று அவர் போனதும் வசந்தா டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அவன் சொன்னதுல தப்பில்ல. நான் ரெண்டாவது டம்ளர் எடுத்தா நீ சொல்லிடணும்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

ஒருமுறைதான் சொல்ல வேண்டி வந்தது. தம்பி வராத இரண்டாவது பொங்கல். நான் போனபோது டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது. பாட்டிலில் பாதி இல்லை. "வசந்தா, இது ரெண்டாவது" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய் எல்லாவற்றையும் தோய்க்கிற கல்லில் ஊற்றினாள். ஒரு வருடம் எந்தப் பாட்டிலையும் திறக்கவில்லை. அந்த வாரமே பஸ் ஏறி சேகர் வீட்டுக்குப் போனாள். "நீ பயந்தது ஒரு நாள் நடந்துச்சுடா. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாளாம். அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் சேகர்தான். அவர் கடைசிவரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. ஆனால் பின்னாளில் அக்கா டம்ளரை முகர்ந்து ஏதாவது சொல்லும்போது, எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசி வருடம் புற்றுநோய்ச் சிகிச்சையில் அவளுக்கு ருசியும் வாசனையும் போய்விட்டன. சோறும் மண்ணும் ஒன்றுதான் என்றாள். என் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த வெள்ளை ஒயினை எடுத்துக்கொண்டு போனேன். நாசிக் பக்கத்தில் செய்தது. அவள் என்னைக் குடிக்கச் சொன்னாள்.

"நல்லா இருக்குது."

"அது தீர்ப்புடி. எனக்கு சேதி வேணும்."

கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். "கொய்யா. பழம் இல்ல, செங்காய். அப்புறம்... அதோட இலையைக் கசக்கினா வருமே, அது. புளிப்பு ஜாஸ்தி, ஆனா சட்டுனு போயிடுது."

அவள் எச்சில் விழுங்குவது தெரிந்தது. "ஆங், வருது. இன்னும் சொல்லு" என்றாள். டம்ளர் காலியாகும் வரை சொன்னேன்.

வசந்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, எதையும் நல்லது கெட்டது என்று முடித்துவிடாமல் இன்னொரு வாய் பொறுத்திருக்கும் நாக்கு. முப்பது வருடமாக நான் போட்டுக் குடிக்கும் காப்பியில் லேசாக ஒரு கருகல் இருப்பதை நேற்றுக் காலையில்தான் கண்டுபிடித்தேன். அவளிடம் சொல்வதற்காக எழுந்து, தொலைபேசிவரை போய்விட்டேன்.